காற்று வராத வீடு

நான் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தது எண்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசியில். விமான நிலையத்துக்கு வந்த அண்ணை என்னிடம் ஊர்ப் புதினம் ஒன்றும் கேட்கவில்லை. கையில் கொண்டு வந்திருந்த தடித்த ஜக்கெட்டை என் தோளில் போட்டு, சிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டு, "காதை மூடு, தங்கச்சி" என்றார். வெளியே அப்படியொன்றும் குளிரில்லை. மரங்களில் இலைகள்கூட மிச்சமிருந்தன. கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் வாய் ஓயாமல் பகிடி விட்ட மனிதர் அவர். இப்போது எதற்கோ நன்றாகப் பயந்துபோயிருக்கிறார் என்பது அந்தச் சிப்பை இழுத்த விதத்திலேயே தெரிந்தது.

எதற்கு என்பதை மச்சாள் அடுத்த நாள் சொன்னார். மச்சாள் என்றால் அண்ணையின் மனைவி. எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, அடுத்த வருடம் இங்கே வந்தவர்கள். வந்த இடத்தில்தான் மகள் பிறந்தாள். முதல் குளிர்காலத்தில் அவர்கள் இருந்த அறையில் ஹீட்டர் பழுதாகி, திருத்த ஆள் வருவதற்குள் குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, உதடு நீலம் பாரித்துவிட்டது. பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் டொக்ரர் அண்ணையிடம் ஒன்றுதான் சொன்னாராம்: பிள்ளையைச் சூடாக வைத்திருங்கள்.

"அந்த நாளிலையிருந்து இந்த மனுசனுக்குக் குளிரெண்டா யமன் மாதிரி" என்றார் மச்சாள். "நித்திரையிலும் எழும்பிப் பிள்ளையின்ரை காலைத் தொட்டுப் பாப்பார்."

அண்ணைக்கு வேலை நகரத்தின் நடுவில் ஒரு கார் பார்க்கில். தெருவோரம் ஒரு கூண்டு. அதற்குள் இருந்துகொண்டு யன்னலால் கையை நீட்டி ரிக்கற் கொடுக்க வேண்டும். காலடியில் ஒரு சின்ன ஹீட்டர் இருந்தாலும் நீட்டிய கை நாள் முழுக்க வெளியேதான். வீட்டுக்கு வந்ததும் அந்தக் கையை மடியில் வைத்து மற்றக் கையால் தேய்த்தபடியே இருப்பார். அப்போதும் அவருடைய கண்கள் யன்னல்களைத்தான் சுற்றி வரும்.

நாங்கள் இருந்தது நகரத்தின் கிழக்குப் பக்கத்தில், ஒடுங்கலான பழைய செங்கல் வீடு. கீழ்த்தளமும் நிலத்துக்கடியில் இருந்த பேஸ்மென்றும் எங்களுக்கு. மேல்மாடியில் வீட்டுக்காரன் தன் பழைய சாமான்களை அடுக்கிப் பூட்டி வைத்திருந்தான். அவன் மிசிசாகாவில் இருந்தான். மாதம் பிறந்தால் வருவான், வாசலில் நின்றே கதைத்துவிட்டுப் போவான். வீட்டைச் சூடாக்குகிற ஃபர்னஸ் பேஸ்மென்றில் நின்றது. ஆள் உயரத்துக்கு மேலே, துருப்பிடித்து, பக்கத்துக்கொன்றாகத் தகரக் குழாய்களை நீட்டிக்கொண்டு. அது காஸில் எரிந்தது. எரியத் தொடங்கும்போது முதலில் ஒரு பெருமூச்சு. பிறகு வீடு முழுக்கத் தகரம் 'டக் டக்' என்று விரியும்.

கார்த்திகையில் முதல் பனி விழுந்த கிழமை அண்ணை வீட்டை அடைக்கத் தொடங்கினார்.

ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு சுவரோரமாக மெல்ல நடப்பார். புகை நேரே எழும்பினால் அடுத்த இடத்துக்குப் போவார். வளைந்தால் அங்கே காற்று வருகிறது என்று அர்த்தம். "இஞ்சை ஒண்டு" என்பார். நான் ஒட்டுகிற ரேப்போடு பின்னால் போவேன். யன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்ரிக் தாள் ஒட்டி, மச்சாளின் தலைமயிர் காய வைக்கும் மெசினால் அதைச் சூடாக்கினோம். சுருங்கிச் சுருங்கி அது மத்தளத் தோல் மாதிரி இறுகி நின்றது. கதவின் அடியில் வைப்பதற்குப் அண்ணை உடுத்துகிற பழைய சாரம் ஒன்றைத் தைத்து, துணி அடைத்து, பாம்பு மாதிரி நீளமாகச் செய்தார் மச்சாள். தபால் போடுகிற துவாரம், பாவிக்காத அடுப்புக் கூடு, குசினிக் குழாய் சுவருக்குள் போகிற இடைவெளி, ஒன்றையும் விடவில்லை.

கடைசியாகப் பேஸ்மென்றுக்கு இறங்கினோம். ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சுவரில் கை நுழையுமளவுக்கு ஒரு ஓட்டை. அதற்கு வெளிப்பக்கம் ஒரு கம்பி வலை. அதன் வழியாகப் பனிக்காற்று நேரே உள்ளே வந்துகொண்டிருந்தது. ஊதுபத்திப் புகை அங்கே போனதும் சிதறிக் காணாமலே போனது.

"இதைப் பார். எந்த விசரன் இதை இப்பிடித் திறந்து விட்டவன்?" என்றார் அண்ணை. "நாங்கள் மேலை அடைச்சு என்ன பிரயோசனம்?"

பழைய கம்பளித் துணியை உருட்டி அடைத்து, மேலே காட்போட் வைத்து, சுற்றிவரத் தடித்த ரேப் ஒட்டினார்.

அன்றைக்கு வீட்டில் ஒரு மாற்றம் தெரிந்தது. தெருவில் போகிற கார்ச் சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. நிலம்கூடச் சூடாக இருந்தது. பிள்ளை அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். காலுக்கு மேஸ் போடாமல், வெறுங்காலோடு அவள் தளர்ந்து தளர்ந்து நடப்பதை அண்ணை கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டேயிருந்தார். அன்று நீண்ட காலத்துக்குப் பிறகு ஒரு பகிடியும் விட்டார். மாதம் பிறந்து வந்த வீட்டுக்காரன் யன்னல்களைத் தட்டிப் பார்த்து, நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்று தலையை ஆட்டிவிட்டுப் போனான்.

மார்கழியில் குளிர் இறுகியது. யன்னல்களின் உட்பக்கம் வியர்க்கத் தொடங்கியது. பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் தண்ணீர் வழிந்து மரச்சட்டத்தில் தேங்கியது. வீட்டில் எந்த நேரமும் ஈரத்துணியும் பழைய மூச்சும் சேர்ந்தமாதிரி ஒரு வாடை. மச்சாளுக்குத் தலையிடி வந்தது. பிறகு எனக்கும். பிள்ளை சாப்பாட்டைத் துப்பினாள். பகலிலும் நித்திரை கொண்டாள்.

ஒருநாள் காலை, அண்ணை வேலைக்குப் போன பிறகு, மச்சாள் குசினியில் வெங்காயம் உரித்தபடி நின்றவர் திடீரென்று கையை நிறுத்தினார்.

"உமக்குக் கேக்கேல்லையே?" என்றார்.

"என்ன மச்சாள்?"

"கீழை ஆரோ நடக்கினம்."

நான் காதைக் கொடுத்தேன். தகரக் குழாய்கள் டக் டக் என்றன. "அது ஃபர்னஸ்" என்றேன்.

"ஃபர்னஸ் சத்தம் எனக்குத் தெரியும். இது கால். சப்பாத்துப் போட்ட கால்."

ஆடிக் கலவரத்தின்போது மச்சாளையும் அண்ணையையும் பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பமொன்று தங்கள் சாமான் அறைக்குள் விட்டுப் பூட்டி வைத்திருந்தது. தமிழரைத் தேடி வந்தவர்கள் அந்த வீட்டுக்குள்ளேயே நடந்து திரிந்தார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் அவர்கள் நடந்த சத்தத்தை மச்சாள் வாயில் சேலைத் தலைப்பை அடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதை அண்ணைதான் எனக்குச் சொன்னார். மச்சாள் அதைப் பற்றி வாய் திறந்ததேயில்லை.

"நான் போய்ப் பாத்திட்டு வாறன்" என்றேன்.

"போகாதையும்."

போனேன். படியிறங்கும்போதே சூடு முகத்தில் அடித்தது. மேலே இருந்த சூடு மாதிரியில்லை. யாரோ மிக அருகில் வந்து முகத்தில் மூச்சு விடுவது மாதிரி. ஃபர்னஸின் சின்னக் கதவின் இடுக்கால் தீ தெரிந்தது. மஞ்சளாக, சோம்பலாக ஆடிக்கொண்டிருந்தது. அது நீலமாக எரிய வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பெட்டிகளுக்குப் பின்னால் பார்த்தேன். ஒருவரும் இல்லை. திரும்ப வெளிக்கிட்டபோது எனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. கண்ணால் காணவில்லை. ஆனால் நிற்கிறான் என்பது அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. தலையைத் திருப்பத் துணிவில்லாமல் படிகளில் தாவி ஏறி, கதவைச் சாத்தி, முதுகைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

மச்சாள் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து வந்து அந்தக் கதவின் பிடிக்குக் கீழே முட்டுக் கொடுத்து வைத்தார்.

மச்சாளுக்குக் கேட்ட சத்தத்தை மட்டும் அண்ணைக்குச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. முகம் வெளிறிப்போய், குரலைத் தாழ்த்தி, "உதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்றார். எங்கள் அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. மனைவிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எங்காவது பதிந்தால் எல்லாம் பிழையாகப் போய்விடும் என்று அவர் பயந்தார். தலையிடிக்கு மட்டும் டொக்ரரிடம் கூட்டிக்கொண்டு போனோம். நான்தான் மொழிபெயர்த்தேன். காய்ச்சல் பரவுகிற காலம், உங்கள் நாட்டில் நடந்த பிரச்சினைகளின் அதிர்ச்சியும் இருக்கலாம், நன்றாக ஓய்வெடுங்கள், வெளியே போய்க் குளிரில் திரியாமல் வீட்டிலேயே இருங்கள் என்றார் அந்த டொக்ரர். நல்ல மனிதர்.

ஹோட்டல்களின் துணி தோய்க்கிற பாக்ரறி ஒன்றில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. காலையில் நெற்றிப்பொட்டு வெடிக்கிற மாதிரி இருக்கும். பஸ்ஸுக்குக் காத்து நின்று, ஏறி, இறங்கும்போது தலையிடி போய்விட்டிருக்கும். வேலையில் கவனம் போவதால்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்காபரோவில் தெரிந்தவர்களின் அப்பார்ட்மென்றில் பகல் முழுக்க இருந்தோம். மச்சாள் அங்கே சிரித்தார். பிள்ளை கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டாள். திரும்பி வரும்போது, "தனிய இருந்துதான் இவளுக்கு உந்த யோசனையெல்லாம்" என்றார் அண்ணை. எங்கள் எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. வீட்டுக் கதவைத் திறந்தபோது மச்சாள் மட்டும் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"வாரும், குளிர் உள்ளை வருது" என்றார் அண்ணை.

தை மாதம் ஒரு சனிக்கிழமை. வெளியே நிற்கக் கூடாது, தோல் உறைந்துவிடும் என்று ரேடியோவில் காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஃபர்னஸ் ஓயாமல் எரிந்தது. அண்ணை கார் பார்க்குக்குப் போய்விட்டார். எனக்கு அரைநாள் வேலை. மத்தியானம் பஸ்ஸால் இறங்கி நடந்தபோது கண்ணிமை ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பெண், எங்கள் அம்மாவின் வயதிருக்கும், தன் வாசலில் பனி தள்ளிக்கொண்டு நின்றார். அதுவரை நாங்கள் ஒருவருக்கொருவர் தலையசைத்ததோடு சரி.

எங்கள் முன் யன்னலில் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு தண்ணீர். கதவைத் திறந்து, கீழே கிடந்த துணிப்பாம்பைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். காற்றுக்குக் கனம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ரீவி ஓடிக்கொண்டிருந்தது. மச்சாள் சோபாவில் முதுகைச் சாய்த்து நிலத்தில் இருந்தார். கண் பாதி திறந்திருந்தது. மடியில் பிள்ளை நித்திரை.

"மச்சாள்?"

உதடு மட்டும் அசைந்தது. ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"கதவைச் சாத்தும். அவை வந்திட்டினம்."

நான் பிள்ளையைத் தூக்கினேன். தலை பின்னால் விழுந்தது. கை இரண்டும் துணி மாதிரித் தொங்கின. கன்னம் சிவந்து, பார்க்க நல்ல சுகமான பிள்ளை மாதிரி இருந்தாள். அதுதான் எனக்கு இன்றுவரை மறக்க முடியாத பயம். என் மனதில் முதல் வந்தது போர்வை. பிள்ளையைச் சூடாக வைத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் நாங்கள் அதைத்தவிர வேறெதையும் யோசித்ததில்லை. போர்வையைத் தேடித் திரும்பினேன். நான் சாத்தாமல் விட்ட கதவால் குளிர்காற்று வந்து எங்கள் மேல் மோதியது. பிள்ளையின் முகம் சுருங்கியது. ஒரு சின்ன இருமல்.

நான் பிறகு யோசிக்கவில்லை. போர்வையில்லாமல், மேஸ்கூட இல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். பக்கத்து வீட்டுப் பெண் என்னைக் கண்டு கத்தினார். என்ன செய்கிறாய், குழந்தை, குழந்தை என்று. பனித் தள்ளியை எறிந்துவிட்டு, மதிலுக்கு மேலாலே கையை நீட்டிப் பிள்ளையை வாங்கி, தன் கோட்டைத் திறந்து நெஞ்சோடு வைத்து மூடிக்கொண்டார். "உள்ளே இன்னொராள், சுகமில்லை" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தன் வீட்டுக்குள் ரெலிபோனுக்கு ஓடினார்.

மச்சாளை எழுப்ப எனக்குப் பலம் போதவில்லை. என் கால்களும் இளகத் தொடங்கியிருந்தன. கக்கத்தில் கையைக் கொடுத்து இழுத்தேன். வாசல் தெரிந்ததும் அவருக்கு எங்கிருந்தோ ஒரு பலம் வந்தது. கதவு நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வெளியிலை போகேலாது! வெளியிலைதான் நிக்கினம்!"

"ஒருத்தரும் இல்லை மச்சாள். வாங்கோ."

"பிள்ளை எங்கை? பிள்ளையைக் குடுத்திட்டீரே?"

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக மரத்திலிருந்து பிரித்தேன். "போயிட்டினம் மச்சாள்" என்றேன். "எல்லாரும் போயிட்டினம். நான் பாத்தனான். தெரு வெறுமையாக் கிடக்கு." அவர் என் கண்ணைப் பார்த்தார். பிறகு கையை விட்டார். இரண்டு பேரும் படியில் உருண்டு பனிக்குள் விழுந்தோம்.

தீயணைக்கிற வண்டி வந்தது. பெரிய சப்பாத்துகள், முகத்தை மூடிய முகமூடிகள், முதுகில் சிலிண்டர்கள். அப்படியொரு கூட்டம் எங்கள் வாசலால் உள்ளே போவதை, பக்கத்து வீட்டு விறாந்தையில் இருந்தபடி மச்சாள் பார்த்தார். அவருடைய நகம் என் மணிக்கட்டுக்குள் இறங்கியது. எனக்கும் பயம்தான். சீருடை போட்டவர்கள் வீட்டுக்குள் போனால் நல்லது நடந்ததை நாங்கள் இரண்டு பேருமே கண்டதில்லை. உள்ளே பிளாஸ்ரிக் தாள்கள் கிழிகிற சத்தம் கேட்டது. எல்லா யன்னலையும் திறந்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். வியர்த்த, இளம் முகம். எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்: இது மணமில்லாத நச்சுக் காற்று, ஃபர்னஸிலிருந்து வருகிறது, இன்னும் கொஞ்ச நேரம் உள்ளே இருந்திருந்தால் எழும்பியிருக்க மாட்டார்கள்.

அந்தக் காலத்தில் வீடுகளில் அதற்கென்று அலாரம் எதுவும் கிடையாது. அப்படியொரு சாவு இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியில் மச்சாளுக்கும் பிள்ளைக்கும் ஒக்சிசன் கொடுத்தார்கள். எனக்கும் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். கார் பார்க் ஜக்கெட்டோடு ஓடி வந்த அண்ணை வாசலில் நின்றார். அவர் பார்த்தது பிள்ளையின் காலைத்தான்.

"மேஸ் எங்கை?" என்றார் என்னிடம். "இந்தக் குளிருக்குள்ளை வெறுங்காலோடையே கொண்டு போனனீ?"

"அண்ணை, வீட்டுக்குள்ளைதான் பிரச்சினை. குளிரில்லை."

அவருக்கு அது ஏறவில்லை. டொக்ரர் வந்து சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். தீ எரிவதற்குக் காற்று வேண்டும். எரிந்த காற்று புகைபோக்கியால் வெளியே போக வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. அண்ணை கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நிலத்தில் இருந்தார்.

பிறகு பிள்ளைகளின் நலன் பார்க்கிற ஒரு பெண் வந்து எங்களைக் கேள்வி கேட்டார். வீட்டில் யார் யார், பிள்ளையைப் பகலில் யார் பார்க்கிறது, யன்னல்களை யார் அடைத்தது. அண்ணை என் காதில், "பிள்ளையைப் பறிச்சுக்கொண்டு போகப் போயினம்" என்றார். நான் உண்மையைச் சொன்னேன். பிள்ளைக்குப் போன வருடம் நெஞ்சுச்சளி வந்ததையும், டொக்ரர் சூடாக வைத்திருக்கச் சொன்னதையும் சொன்னேன். அந்தப் பெண் பேனையை மூடினார். "இன்றைக்கு நீங்கள் அந்த வீட்டுக்குப் போக முடியாது. போக வேறு இடம் இருக்கிறதா?" என்றுதான் கேட்டார்.

அடுத்த நாள் மச்சாளுக்கு நன்றாகத் தெளிந்துவிட்டது. டொக்ரர் வந்தபோது என் கையைச் சுரண்டினார்.

"இவரைக் கேளும். இந்தக் காஸ் காதுக்குள்ளை சத்தம் கேக்கப் பண்ணுமோ எண்டு."

கேட்டேன். பண்ணும் என்றார் டொக்ரர். சத்தம் கேட்கலாம், ஆட்கள் நிற்பது மாதிரியும் இருக்கலாம். நான் மொழிபெயர்த்து முடித்ததும் மச்சாள் கூரையைப் பார்த்தார்.

"அப்ப எனக்கு விசரில்லை" என்றார்.

"இல்லை மச்சாள். எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. கீழை என்ரை முதுகுக்குப் பின்னாலை."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார். அழத் தொடங்கினார். அண்ணை அவருடைய காலை, போர்வைக்கு மேலால், பிடித்துக்கொண்டு நின்றார்.

ஸ்காபரோவில் தெரிந்தவர்கள் எங்களைத் தங்கள் அப்பார்ட்மென்றில் வைத்திருந்தார்கள். காஸ் கொம்பனியிலிருந்து வந்த ஆள் ஃபர்னஸை நிறுத்திச் பாவிக்கக் கூடாதென்று சிவப்பு மட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். புகைபோக்கிக்குள் பழைய செங்கல்கள் உதிர்ந்து பாதிக்கு மேல் அடைத்துக் கிடந்தன. அண்ணை அடைத்த கம்பளியை அவர் இழுத்து எடுத்தபோது வீட்டுக்காரனும் பக்கத்தில் நின்றான். இதை அடைத்தது இவர்கள், பிழை முழுக்க இவர்களுடையது என்று அவன் சத்தம் போட்டான். அந்த ஆள் அவனைத் திரும்பிப் பார்த்து, இந்தப் புகைபோக்கியைக் கடைசியாக எப்போது பார்த்தாய் என்று கேட்டார். அண்ணை அந்த உருண்டைத் துணியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றார்.

புகைபோக்கியைத் திருத்திய பிறகு நாங்கள் அதே வீட்டுக்குத் திரும்பினோம். வேறு இடம் கிடைக்கவில்லை. அந்த மிச்சக் குளிர்காலம் போலொன்றை நான் பிறகு அனுபவித்ததில்லை. யன்னல்களுக்குத் திரும்பப் பிளாஸ்ரிக் போட அண்ணை விடவில்லை. ஆனால் காற்று வந்தால் பிள்ளைக்கு நெஞ்சுச்சளி வந்துவிடும் என்றும் பயந்தார். மச்சாள் குசினி யன்னலை ஒரு விரல் அளவுக்குத் திறந்து, இடையில் மரக்கரண்டி ஒன்றைச் செருகி வைத்தார். அண்ணை அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பார். கை வைக்க மாட்டார். வீட்டுக்குள் ஜக்கெட் போட்டுக்கொண்டு இருந்தோம். ஃபர்னஸ் பெருமூச்சு விட்டதும் மூன்று பேரும் கதையை நிறுத்துவோம். தலை கொஞ்சம் பாரமாக இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்போம்: "உமக்குத் தலையிடிக்குதோ?" "இல்லை, உங்களுக்கு?" குளிருக்கும் பயம், சூட்டுக்கும் பயம்.

பிள்ளையைப் பற்றிய பயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. அந்தக் காற்று மூளையைத் தாக்கியிருக்கலாம், வளர வளரத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தார்கள். அவள் ஒழுங்காக நடந்தாள், சாப்பிட்டாள், ஆனால் பேசவில்லை. அவளுடைய வயதுப் பிள்ளைகள் கதைப்பதைக் கண்டால் அண்ணை எழும்பி வேறு பக்கம் போய்விடுவார். கோடையில் ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பூனை மதிலில் வந்து இருந்தது. பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பி, "பூன இருக்கு" என்றாள். மச்சாள் கழுவிக்கொண்டிருந்த கோப்பையைப் போட்டு உடைத்தார். பிறகு அவள் வாயை மூடவேயில்லை.

அகதி வழக்கு நல்லபடியாக முடிந்தது. அண்ணை குடும்பம் ஓர் உயர்ந்த அப்பார்ட்மென்றுக்கு மாறியது. அங்கே சூட்டைக் கட்டடக்காரர்களே பார்த்துக்கொண்டார்கள். எண்பத்தெட்டில் நான் கலியாணம் கட்டினேன். அடுத்த வருடம் நானும் கணவரும் விட்பியில், புதிதாகக் கட்டிய தெருவொன்றில் ஒரு வீட்டுக்குப் போனோம். வீட்டைக் காட்டிய ஆள் யன்னல் கண்ணாடியைத் தட்டி, இரட்டைக் கண்ணாடி, சுவருக்குள் தடித்த பஞ்சு, துளி காற்றும் புகாது என்று பெருமையாகச் சொன்னார்.

"ஃபர்னஸுக்குக் காற்று எங்காலை வருது?" என்று கேட்டேன்.

அவர் விளங்காமல் என் கணவரைப் பார்த்தார். கணவர் என்னைப் பார்த்தார். மூன்று பேரும் பேஸ்மென்றுக்கு இறங்கினோம். வெளியிலிருந்து காற்றுக் கொண்டு வருகிற குழாயை அவர் காட்டினார். நான் அதன் வாயில் கையை வைத்துப் பார்த்தேன். குளிர்ந்தது.

அந்த வருடம் முதல் குளிர் நாளில் கணவர் ஹீட்டைப் போட்டார். நான் ஜக்கெட்டையும் சப்பாத்தையும் போட்டுக்கொண்டு, குசினிக் கதவைத் திறந்துவைத்து, பக்கத்தில் ஒரு கதிரையில் இருந்தேன். ஃபர்னஸ் எரிந்து நின்றது. திரும்ப எரிந்தது. யன்னல் கண்ணாடி வியர்க்கிறதா என்று பார்த்தேன்.

"காணுமப்பா, கதவை மூடும். குளிருது" என்றார் அவர்.

"இன்னும் கொஞ்ச நேரம்" என்றேன். அவர் போய்த் தன் ஜக்கெட்டையும் எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில் இருந்தார்.